‘செவரல்’ என்றால் பல அல்ல

எமது வர்த்தகர்களுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீனாவின் யிவூ சந்தைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கல்குலேட்டரும் நூறு ஆங்கிலச் சொற்களும் இருந்தால் போதும். குடை, விளையாட்டுச் சாமான், தலைப்பின் என்று ஒரு கொள்கலனையே நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பேசி விலையைக் குறைப்பதில் எம்மவர்களுக்கு எந்த மொழியும் தடையாக இருந்ததில்லை.

தடை பேச்சில் இல்லை, கடுதாசியில்தான் இருக்கிறது. பேசி முடித்த பிறகு ஒரு தாள் வரும். வங்கியிலிருந்து வரும், காப்புறுதிக் கம்பனியிலிருந்து வரும், கப்பல் முகவரிடமிருந்து வரும், கடை வாடகைக்குக் கொடுத்தவரின் சட்டத்தரணியிடமிருந்து வரும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். பேச்சில் பயன்பட்ட அந்த நூறு சொற்கள் அங்கே உதவ மாட்டா. ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், வியாபாரத்தில் நட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் சரக்கினால் நட்டப்படவில்லை. ஒரு சொல்லினால் நட்டப்பட்டார்கள்.

உயர்மட்ட ஆங்கிலச் சொல்வளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பத்திரிகைகளில் விளம்பரமாகும் முப்பது நாள் புத்தகங்கள்தான். அவற்றில் யாருமே பேசாத, வாயில் நுழையாத சொற்கள் வரிசையாக இருக்கும். மேடையில் நன்றியுரை சொல்பவருக்கு அவை உதவலாம். ஒரு மொத்த வியாபாரிக்கு அவற்றால் ஒரு சதமும் இலாபமில்லை. என்னைக் கேட்டால், வர்த்தகருக்கு உயர்மட்டச் சொல் என்பது அபூர்வமான சொல் அல்ல. நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சாதாரணச் சொல்லின் இரண்டாவது முகம்தான் அது. அறியாத சொல்லைக் கண்டால் நாம் யாரிடமாவது விளக்கம் கேட்போம். தெரிந்த சொல் என்று நினைத்தால் கேட்கவே மாட்டோம், கையொப்பத்தை வைத்துவிடுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி தன் மச்சானின் கடனுக்கு மேலும் இருவரோடு சேர்ந்து பிணை நின்றார். கடன் முப்பது இலட்சம். மூன்று பேர் பிணை என்பதால், நிலைமை மோசமானாலும் தன் பங்கு பத்து இலட்சத்தைத் தாண்டாது என்பது அவர் கணக்கு. ஒப்பந்தத்தில் இருந்ததோ ‘ஜொயின்ட்லி அன்ட் செவரலி’ என்ற மூன்று சொற்கள். மச்சானின் வியாபாரம் படுத்தது. மற்ற இரு பிணையாளிகளில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், மற்றவர் பெயரில் சொத்து எதுவும் இல்லை. மிச்சமிருந்த இருபத்து நான்கு இலட்சத்தையும் வங்கி இவரிடமே கேட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“செவரல் எண்டா பல எண்டுதானே நானா அர்த்தம்? மூணு பேருக்கும் பங்கு போட்டுத்தானே வரும்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது பிழையென்று எந்தச் சிறு அகராதியும் சொல்லாது. பாடசாலையில் படித்த ‘செவரல்’ பலதான். ஆனால் சட்ட ஆங்கிலத்தில் அந்தச் சொல் அதன் பழைய கருத்திலேயே இன்றும் நிற்கிறது. அதாவது தனித்தனியாக, வெவ்வேறாக என்பது. மூவரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனியாக முழுத்தொகைக்கும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடம் முழுவதையும் அறவிடலாம். கட்டியவர் பிறகு மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாடு போனவரிடம் எப்படிக் கேட்பது என்பது வேறு விடயம். வேனையும் மனைவியின் நகைகளையும் விற்று அவர் அந்தக் கடனை அடைத்தார். அந்தச் சொல்லின் கருத்து முன்னமே தெரிந்திருந்தால் பிணை நின்றிருக்க மாட்டாரா என்பதை என்னால் சொல்ல முடியாது. மச்சான் அல்லவா, நின்றிருக்கவும் கூடும். ஆனால் எவ்வளவுக்குப் பிணை நிற்கிறேன் என்பது தெரிந்து நின்றிருப்பார்.

அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் என்பதும், அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதும் எமது வாசகர்கள் அறிந்ததே. அதில் நாம் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. எழுத்தரிடம் வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு கடன் பட்டவருக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. யார் மீது கடமை விழுகிறதோ அவர் வாயிலிருந்தே வாசகம் வர வேண்டும். இன்றைய நடைமுறை நேர்மாறானது. கடன் கொடுப்பவர் வாசகத்தை அச்சடித்து வைத்திருக்கிறார், கடன் படுபவர் பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களில் ஒப்பமிடுகிறார். இஸ்லாமிய நிதி வசதிகளிலும் இதே கதைதான். ‘முராபஹா’ என்ற தலைப்பு எமக்கு விளங்குகிறது, அதன் கீழே உள்ள பன்னிரண்டு பக்க ஆங்கிலம் விளங்குவதில்லை.

இரண்டு முகமுள்ள சொற்களில் இன்னும் சில பார்ப்போம். ‘அவுட்ஸ்டேன்டிங்’ என்று பிள்ளையின் பாடசாலை அறிக்கையில் இருந்தால் சந்தோசப்படலாம். வங்கிக் கூற்றில் இருந்தால் அது இன்னும் கட்டாமல் நிற்கும் பாக்கி. ‘சேங்ஷன்’ இதைவிட வேடிக்கை. கடன் சேங்ஷன் ஆகிவிட்டது என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நாட்டின் மீது சேங்ஷன் என்றால் தடை. ஒரே சொல்லுக்கு எதிரெதிரான இரு கருத்துகள். ‘குரொஸ்’ என்றால் நிறை விடயத்தில் பொதியும் சேர்ந்த மொத்த எடை. பொத்தான், பென்சில் வாங்கும்போது அதுவே 144, அதாவது பன்னிரண்டு டசின். ‘கிளீன்’ பில் ஒப் லேடிங் என்றால் கசங்காத, அழுக்கில்லாத தாள் அல்ல. சரக்கோ பொதியோ பழுதாக இருந்தது என்று கப்பற் கம்பனி அதில் எந்தக் குறிப்பும் எழுதவில்லை என்பதே அதன் கருத்து.

‘எவரேஜ்’ என்ற சொல்லில் சற்று நேரம் நிற்க வேண்டும். சராசரி என்று மட்டுமே அதை நாம் அறிவோம். இச்சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. பழுது, சேதம் என்ற கருத்துள்ள ‘அவார்’ என்ற அரபுச் சொல் மத்தியதரைக் கடல் வியாபாரிகளின் வாய்வழியாக இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கடலில் ஏற்பட்ட சேதத்தைச் சரக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுச் சுமப்பதற்கு அந்தப் பெயர் நின்றது. அப்படிப் பங்கிடும் கணக்கிலிருந்துதான் சராசரி என்ற கருத்தே பிறகு வந்தது.

கடல் வியாபாரத்தில் பழைய கருத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. கப்பல் ஆபத்தில் மாட்டி, எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காக ஒரு பகுதிச் சரக்கைக் கடலில் எறிந்தாலோ விசேட செலவு செய்தாலோ, அதற்கு ‘ஜெனரல் எவரேஜ்’ என்று பெயர். சேதமே இல்லாத சரக்கின் சொந்தக்காரரும் தன் சரக்கின் பெறுமதிக்கேற்பப் பங்கு கட்ட வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பலின் உரிமையாளர்கள் இதை அறிவித்தார்கள். 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பல்டிமோர் துறைமுகத்தில் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பல் விடயத்திலும் இது அறிவிக்கப்பட்டது. அந்தக் கப்பல் புறப்பட்டது எங்கே தெரியுமா? எமது கொழும்புக்குத்தான். இப்படி ஓர் அறிவித்தல் வந்தால், பங்குக்கான உத்தரவாதம் கொடுக்கும் வரை சரக்கை விடுவிக்க மாட்டார்கள். கடற் காப்புறுதி எடுத்திருந்தால் கம்பனி பார்த்துக்கொள்ளும். எடுக்காதவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ‘ஜெனரல் எவரேஜ் அறிவிக்கப்பட்டுள்ளது’ என்ற மின்னஞ்சலைப் பார்த்து, ஏதோ சராசரிக் கணக்கு என்று ஒதுக்கி வைத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கப்பலே வேண்டாம், கடையோடு இருப்பவருக்கும் இச்சொல் உண்டு. தீக்காப்புறுதிப் பத்திரங்களில் ‘எவரேஜ்’ நிபந்தனை என்று ஒரு பந்தி வரும். கடையில் நாற்பது இலட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்க இருபது இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறீர்கள். பத்து இலட்சத்துச் சரக்கு எரிந்துவிடுகிறது. இருபது இலட்சத்துக்குள் தானே, பத்தும் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைப்பது ஐந்து. பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதிதான் என்பது அந்த நிபந்தனை. நோன்புப் பெருநாளுக்கு முன் சரக்கை இரட்டிப்பாக ஏற்றி வைத்துவிட்டு, காப்புறுதியைப் பழைய தொகையிலேயே விட்டு வைப்பவர்கள் இந்தப் பந்தியை ஒரு முறை வாசிப்பது நல்லது.

இறக்குமதியாளர்களுக்கு எல்.சி. பழக்கமானது. எல்.சி.க்களுக்கான சர்வதேச விதிகளை சர்வதேச வர்த்தக சம்மேளனம் வெளியிடுகிறது. 2007 ஜூலை முதலாம் திகதி முதல் நடைமுறையில் இருப்பது யூ.சி.பி. 600 என்ற தொகுப்பு. சாதாரணச் சொற்களுக்கு இந்த விதிகள் கணக்காக அளவு வைத்திருக்கின்றன. ‘அபவுட்’ என்று ஒரு தொகைக்கோ அளவுக்கோ அலகு விலைக்கோ முன்னால் எழுதினால், அதற்கு நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ இருக்கலாம். ஆயிரம் கிலோ ஏலக்காய் என்பதற்கு முன்னால் ‘அபவுட்’ போட்டுவிட்டால் தொள்ளாயிரம் கிலோ வந்தாலும் அளவு பற்றிக் குறை சொல்ல முடியாது. ‘ஒன் ஓர் அபவுட் ஜூன் 10’ என்று கப்பலேற்றும் திகதி எழுதினால் ஜூன் 5 முதல் 15 வரை, இரு நாட்களும் உட்பட. கப்பலேற்றும் காலத்துக்கு ‘ஃப்ரொம் ஜூன் 10’ என்றால் பத்தாம் திகதியும் சேரும், ‘ஆஃப்டர் ஜூன் 10’ என்றால் சேராது. இதே ‘ஃப்ரொம்’ பணம் கட்டும் தவணையைக் கணக்கிட வந்தால் அந்த நாளைச் சேர்க்காது! ஒரே தொகுப்பு விதிகள், ஒரே சொல், இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது.

இன்னொன்று. அவசரமாகச் சரக்கு வேண்டும் என்பதற்காக ‘அஸ் சூன் அஸ் பொசிபல்’, ‘ப்ரொம்ப்ட்’, ‘இமீடியட்லி’ என்றெல்லாம் ஆசையாக எழுதுகிறோம். ஓர் ஆவணத்தில் பயன்படுத்தப்பட வேண்டும் என்று கேட்கப்பட்டாலொழிய, இச்சொற்களை வங்கி கணக்கில் எடுக்காது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. திகதி போடுங்கள், அதுதான் பேசும். ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ பரிசோதகரின் சான்றிதழ் வேண்டும் என்று எழுதினாலும் அப்படித்தான். சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளரைத் தவிர வேறு யார் கொடுத்த சான்றிதழும் அந்த நிபந்தனைக்குப் போதும். நம்பிக்கையான பரிசோதனை வேண்டுமானால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி எழுத வேண்டும்.

இரத்தினக்கல் வியாபாரிகளையும் விட்டுவிடக் கூடாது. பேருவளை சீனன்கோட்டையில் உள்ளவர்களுக்குக் கல்லைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க எதுவுமில்லை. ஆனால் ஆய்வுகூட அறிக்கையில் வரும் ‘நோ இன்டிகேஷன்ஸ் ஒப் ஹீட்டிங்’ என்ற வாசகத்தைக் கவனித்திருப்பீர்கள். சூடேற்றப்படாத கல் என்று ஆய்வுகூடம் சத்தியம் செய்யவில்லை. சூடேற்றியதற்கான அடையாளம் எமது சோதனையில் தென்படவில்லை என்றுதான் சொல்கிறது. வாங்குபவரிடம் நாம் வாய்மொழியாகச் சொல்லும்போதும் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டும். அமானிதம் சம்பந்தப்பட்ட விடயம் அது. நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் பொதுவான ‘கொரண்டம்’ என்ற கனிமப் பெயர் தமிழ் ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனது, ‘டூர்மலின்’ சிங்களத்திலிருந்து போனது. ஆங்கிலம் எம்மிடமிருந்தும் கடன் வாங்கியிருக்கிறது.

இப்படிச் சொற்களின் பூர்வீகம் தேடுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல, மனதில் பதிய வைக்கும் நல்ல வழி. சிறு வயதில் மத்ரஸாவில் ஓதிய எமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘டெரிஃப்’ என்ற தீர்வைப் பட்டியல் அரபு ‘தஃரீஃப்’, அறிவித்தல். தாள் கட்டுக்குச் சொல்லும் ‘ரீம்’ அரபு ‘ரிஸ்மா’, கட்டு. ‘கெரட்’ அரபு ‘கீராத்’. கொள்கலன் கதவில் எழுதியிருக்கும் ‘டெயார்’ என்ற வெற்று எடை அரபு ‘தர்ஹ்’, கழித்து நீக்குவது. மொத்த எடையிலிருந்து கழிக்கும் எடைதானே அது! ‘டெமரின்ட்’ என்ற புளி, ‘தம்ர் ஹிந்த்’, இந்தியப் பேரீச்சை. ஒரு முறை கேட்டால் மறக்காது.

சொற்களைக் குடும்பமாகப் படிப்பது இன்னொரு வழி. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெறுபவரைக் குறிக்கும், ‘ஓர்’ அல்லது ‘அர்’ என்று முடிபவை செய்பவரைக் குறிக்கும். சரக்கை அனுப்புபவர் கன்சைனோர், பெறுபவர் கன்சைனீ. வாடகைக்குக் கொடுப்பவர் லெசோர், எடுப்பவர் லெசீ. இந்த ஒரு விதி தெரிந்தால் இருபது முப்பது சொற்கள் தாமாக வந்துவிடும். ஓர் இடத்தில் மட்டும் பலர் தடுமாறுவார்கள். காணியை ஈடு வைப்பவர்தானே கடன் பெறுகிறார், ஆகவே அவர்தான் மோட்கேஜீ என்று நினைப்பார்கள். இல்லை. பெறப்படுவது ஈடு, பணம் அல்ல. ஈட்டைப் பெறும் வங்கிதான் மோட்கேஜீ, காணிச் சொந்தக்காரர் மோட்கேஜோர். உறுதியில் இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டால், யாருக்கு என்ன உரிமை என்பதே தலைகீழாகத் தெரியும்.

எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. டாக்காவில் ஆசிரியராக இருந்த மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் சுமார் 2000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். அந்த அத்திவாரம் இல்லாமல் மேலே கட்ட முடியாது. நியூசிலாந்து அறிஞர் போல் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்திரிகை, நாவல் போன்றவற்றை யாருடைய உதவியுமின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும். பயந்துவிட வேண்டாம், கடை நடத்துபவருக்கு நாவல் வாசிக்கும் இலக்கு தேவையில்லை. அடிப்படை இரண்டாயிரமும், தன் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களும் இருந்தால் அவருடைய ஆவணங்களில் பெரும்பகுதி திறந்துவிடும். அந்தச் சில நூறும் எந்தப் புத்தகக் கடையிலும் கிடையாது. உங்கள் மேசை லாச்சியில்தான் இருக்கிறது.

ஆகவே லாச்சியைத் திறவுங்கள். காப்புறுதிப் பத்திரம், கடன் அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், கடைசியாக வந்த இன்வொய்ஸ். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். விளங்காத சொற்களை மட்டுமல்ல, விளங்கியது போல் தோன்றி அந்த இடத்தில் பொருந்தாத சொற்களையும் கோடிடுங்கள். ‘அன்லெஸ்’, ‘சப்ஜெக்ட் டு’, ‘நொட்வித்ஸ்டேன்டிங்’ போன்றவற்றைத் தாண்டிப் போக வேண்டாம். ஒரு வாக்கியம் கொடுப்பதை மறு வாக்கியம் பறிப்பது இத்தகைய சொற்களால்தான். பிறகு அகராதி. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதியாக வாங்குங்கள். 1978இல் முதலில் வந்த லோங்மன் அகராதி எல்லாச் சொற்களுக்கும் சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதும் முறையைக் கொண்டது. ஒரு சொல்லுக்கு முதலாவது கருத்தோடு நிறுத்தாமல் நான்காவது, ஐந்தாவது வரை வாசியுங்கள். எமக்கு வேண்டியது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படித்ததை மறந்துவிடுகிறோம் என்பது பொதுவான முறைப்பாடு. ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளைகளை எப்படிப் பயிற்றுகிறார்கள் என்று பாருங்கள். புதிய பாடம் மட்டும் கொடுத்தால் போதாது, பழைய பாடத்தையும் நாளாந்தம் ஒப்புவிக்க வேண்டும். நன்றாகப் பாடமானது இடைவெளி விட்டு மீட்டப்படும், தடுமாறுவது உடனே திரும்ப வரும். படித்தது முதல் சில நாட்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்று 1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் சோதனை செய்து எழுதினார். 1970களில் செபஸ்டியன் லைட்னர் என்பவர் அதற்குப் பெட்டி முறையைப் பிரபலப்படுத்தினார். பழைய விசிட்டிங் கார்ட்களின் பின்பக்கம் போதும். சொல்லையும் அது வந்த வாக்கியத்தையும் ஒரு கார்ட்டில் எழுதுங்கள், கருத்தை இன்னொரு பக்கத்தில் சிறிதாக எழுதுங்கள். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளைக்கொருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் கார்ட் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். சுபஹுக்குப் பிறகு பத்து நிமிடம் போதுமானது.

வாக்கியத்தோடு எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொற்கள் தனியாக வருவதில்லை, கூட்டாளிகளோடு வரும். ஓடரை ‘ப்ளேஸ்’ பண்ணுவார்கள், காசோலையை வங்கி ‘ஒனர்’ பண்ணும், தாமதக் கட்டணத்தை ‘வேவ்’ பண்ணுவார்கள். இந்தக் கடைசிச் சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது இலாபம். துறைமுகத்துக்குள் கொள்கலன் தேங்கினால் விழுவது ‘டிமரேஜ்’. வெளியே எடுத்து வெற்றுக் கொள்கலனைத் திருப்பிக் கொடுக்கச் சுணங்கினால் விழுவது ‘டிடென்ஷன்’. எது விழுந்திருக்கிறது, எதற்காக விழுந்தது என்பதைச் சரியான சொல்லால் குறிப்பிட்டு, ‘வேவ்’ பண்ணக் கேட்டு எழுதும் கடிதத்துக்குக் கிடைக்கும் பதிலும், “ப்ளீஸ் ரெடியூஸ்” என்று எழுதும் கடிதத்துக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

செலவே இல்லாத ஒரு பயிற்சியும் எமது நாட்டில் இருக்கிறது. மத்திய வங்கி தனது நாணயக் கொள்கை அறிவித்தல்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. பாராளுமன்றச் சட்டங்களும் மும்மொழிகளிலும் அச்சாகின்றன. கம்பனிகள் சட்டம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம், தமிழிலும் உண்டு. தமிழ்ப் பிரதியை இடப்பக்கமும் ஆங்கிலப் பிரதியை வலப்பக்கமும் வைத்து, ஒரு பந்தியைத் தமிழில் வாசித்துவிட்டு அதே பந்தியை ஆங்கிலத்தில் வாசியுங்கள். எந்தச் சொல்லுக்கு எது என்று தானாகத் தெரிய வரும். தமிழ்ப் பிரதியின் தமிழ் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பல்ல. பிள்ளைகள் ஏ.எல். வர்த்தகப் பிரிவில் படித்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தமிழில் தெரிந்த பதங்களும் உங்களுக்குக் கடையில் தெரிந்த விடயங்களும் சேர்ந்தால், ஒரு பக்கம் முடிக்க அரை மணித்தியாலம் கூட ஆகாது.